செம்பு மட்டும் மிஞ்சியிருந்தால்

அன்புள்ள ஐயா,

ஆல்ப்ஸ் மலைப்பனியில் கிடைத்த ஓட்ஸியைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை அண்மையில் பார்த்தேன். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்ட ஒருவரின் முகமும், தோலில் பச்சைகுத்திய குறிகளும், தோளில் தைத்த அம்புமுனையும் என்னை உலுக்கிவிட்டன. பனி உருகுவதைப் பேரழிவு என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் அதே உருகல்தானே இத்தகைய மனிதர்களை நமக்குக் காட்டுகிறது? அதில் ஒரு நன்மையும் உண்டு என்று கொள்ளலாமா? இன்னும் உருகினால் இன்னும் எத்தனையோ உடல்கள் வெளிவரும் அல்லவா? அந்த உடலைத் தொட்டவர்களைச் சாபம் தொடர்ந்தது என்கிறார்களே, அது உண்மையா? நான் மலையேற்றத்தில் ஆர்வமுள்ளவன். இப்படி ஏதேனும் கண்ணில் பட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சாபத்தை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஓட்ஸியை 1991-இல் தன் மனைவியோடு முதலில் கண்ட ஹெல்முட் ஸிமோன் 2004-இல் மலையில் விழுந்து இறந்தார் என்பது உண்மை. மலையேறுபவர் மலையில் இறப்பதற்கு ஐயாயிரம் ஆண்டுப் பகை எதுவும் தேவையில்லை. இந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள்.

உடல்களைப் பற்றிய உங்கள் எதிர்பார்ப்பும் சரியல்ல. பனியாறு ஓரிடத்தில் நிற்பதில்லை. தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகர்ந்து, உள்ளே அகப்பட்டதை நசுக்கிக் கிழித்து, சில நூற்றாண்டுகளுக்குள் கீழ்முனையில் தள்ளிவிடும். ஆகவே பனியாறுகள் வெளியே விடும் உடல்கள் பெரும்பாலும் நம் காலத்தவர்களுடையவை. 1942 ஆகஸ்டில் மாடுகளைப் பார்த்துவரப் போன ஒரு சுவிஸ் தம்பதியர் 2017-இல்தான் ட்ஸான்ஃப்ளூரோன் பனியாற்றில் அருகருகே கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகள் ஏழு பேர். பெற்றோருக்கு இறுதிச்சடங்கு செய்ய அந்தப் பிள்ளைகள் தங்கள் முதுமைவரை காத்திருக்க நேர்ந்தது. "இன்னும் எத்தனையோ உடல்கள்" என்று நீங்கள் ஆவலோடு எழுதிய வரியை அவர்களை நினைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மிகப் பழைய பொருட்கள் தங்குவது பனித்திட்டுகளில். நகரும் அளவுக்குத் தடிமனோ எடையோ இல்லாமல், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும் பனி அது. ஓட்ஸியின் உடல் மிஞ்சியதும் அவர் கிடந்த பாறைப்பள்ளத்தில் பனி நகராமல் இருந்ததால்தான்.

இவற்றுக்காக மட்டும் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். முகத்தை எழுதினீர்கள், பச்சைக் குறிகளை எழுதினீர்கள், அம்பை எழுதினீர்கள். அவருடைய காலணியைப் பற்றி ஒரு சொல்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. அதைத்தான் நான் சில காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தாலியின் போல்சானோ அருங்காட்சியகத்தில் அவருடைய உடல் மைனஸ் 6 டிகிரிக் குளிரறையில் இருக்கிறது. சிறிய சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நான் சென்றிருந்தபோது அந்தச் சன்னலுக்கு நீண்ட வரிசை நின்றது. காலணி இருந்த கண்ணாடிப்பெட்டியின் முன்னே யாரும் இல்லை. லிண்டன் மரப்பட்டை நாரை முறுக்கிப் பின்னிய வலை, அதற்குள் கால் குளிராமலிருக்கத் திணித்த உலர்புல், வெளியே தோல். அதைச் செய்த கைக்கு எந்த நார் இழுவை தாங்கும், எந்தப் புல் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று தெரிந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்தில் ஒரு பகுதியை இப்போது உங்கள் மேல் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதர் பனியில் அல்லாமல் சாதாரண மண்ணில் விழுந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று கணக்கிடுங்கள். கோடரியின் செம்பு அலகு, குத்துவாளின் சிக்கிமுக்கிக் கல், தோளில் தைத்தது உட்பட மூன்று அம்புமுனைகள், சில கல்துண்டுகள். எல்லாம் இரு கைகளுக்குள் அடங்கிவிடும். கோடரியின் யூ மரப்பிடி, அலகைப் பிடியோடு இறுக்கிய தோல்வார், பிர்ச் மரக்கீல், செதுக்கி முடிக்கப்படாத நீண்ட வில், அம்புக்கூட்டிலிருந்த 14 அம்புத்தண்டுகள், பச்சை மேப்பிள் இலைகளில் கங்கு பொதிந்து கொண்டுசென்ற பிர்ச் பட்டைக் கலம், கரடித்தோல் தொப்பி, வெள்ளாட்டுத் தோலையும் செம்மறித் தோலையும் இணைத்துத் தைத்த மேலாடை எல்லாம் மட்கிப் போயிருக்கும். செம்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இது செம்புக்கால மனிதனின் சின்னம் என்று நாம் எழுதியிருப்போம். அவர் உடலிலும் தோளிலும் சுமந்ததில் செம்பு ஒரே ஒரு துண்டு. மற்றதில் பெரும்பகுதி மரமும் தோலும் நாரும் புல்லும்தான்.

கற்காலம், வெண்கலக்காலம், இரும்புக்காலம் என்ற பகுப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர் கோபன்ஹேகனின் கிறிஸ்டியன் தாம்சன். அருங்காட்சியகத்தில் குவிந்திருந்த பொருட்களை வரிசைப்படுத்த அவருக்கு ஒரு முறை வேண்டியிருந்தது. முறை நல்ல முறைதான், கால வரிசையும் சரியானதுதான். ஆனால் மண் தின்னாமல் விட்டதை வைத்து வகுத்த பெயர்களை, வாழ்ந்தவர்களின் வாழ்க்கைக்கே பெயராகச் சூட்டிவிட்டோம். பின்னிய கை, தைத்த கை, பதனிட்ட கை எல்லாம் கணக்கில் வராமல் போயின. பனித்திட்டுகள் அந்தக் கணக்கைத்தான் திருத்துகின்றன. உடல்களைப் பற்றிய கூச்சலில் நாம் அதைக் கேட்பதில்லை.

நார்வேயின் லெண்ட்பிரீன் கணவாயில் 2011-இல் ஒரு கம்பளிச் சட்டை கிடைத்தது. கி.பி. 300-ஐ ஒட்டிய காலத்தது. கிழிந்த இடங்களில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், சட்டைக் கைகளைப் பிற்பாடு தைத்துச் சேர்த்திருக்கிறார்கள். டிகர்வார்டன் பனித்திட்டில் 2014-இல் ஒரு பனிச்சறுக்குக் கட்டை கிடைத்தது; அதன் இணைக்கட்டை சில மீட்டர் தள்ளிப் பனிக்குள் இருந்து 2021-இல்தான் வெளிவந்தது. ஏறத்தாழ 1300 ஆண்டுப் பழைய அந்த இணையில் இரண்டும் ஒன்றுபோல் இல்லை, பழுது பார்த்த தடங்களும் உண்டு. அரசர்களின் கல்லறையில் ஒட்டுப் போட்ட சட்டையையா வைப்பார்கள்? லெண்ட்பிரீனில் கிடைத்த ஒரு சிறு மரத்துண்டு எதற்கென்று ஆய்வாளர்களுக்கு விளங்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு வந்த ஒரு மூதாட்டி பார்த்ததும் சொல்லிவிட்டார்: ஆட்டுக்குட்டிகள் தாயிடம் பால் குடித்துவிடாமல் வாயில் பூட்டும் கட்டை, சிறுவயதில் தானும் பயன்படுத்தியது. அந்தத் துண்டோ பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

எலும்பும் முகமும் வேண்டும் என்பவர்கள் கனடாவின் வடமேற்கையும் பார்க்கட்டும். 1999-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பனியில் கிடைத்த இளைஞருக்கு அங்குள்ள ஷாம்பெயின், ஐஷிஹிக் தொல்குடியினர் 'நெடுங்காலத்துக்கு முன்னவர், கண்டெடுக்கப்பட்டார்' என்று பொருள்படும் பெயரைத் தங்கள் மொழியில் வைத்தார்கள். ஆய்வுக்கு இசைவு தந்தார்கள். மரபணுச் சோதனையில் அவருக்கு இன்றும் 17 உறவினர்கள் வாழ்வது தெரிந்தது. 2001-இல் எரியூட்டி, சாம்பலைக் கிடைத்த இடத்துக்கே கொண்டுசென்றார்கள். அவருடைய தொப்பியும் அணில்தோல் மேலாடையும் காக்கப்பட்டன. எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் திருப்பிவிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உருகுவது நன்மையா என்று கேட்டிருந்தீர்கள். இறகு, தோல், நூல் வெளியே வந்தபின் வெயிலையும் மழையையும் சில கோடைகளே தாங்கும். நார்வேயில் தேடுவோருக்குக் கோடை முடிவுக்கும் புதுப்பனிக்கும் இடையே சில வாரங்களே கிடைக்கின்றன. அவர்கள் கால் படாத சரிவுகளே மிகுதி. இதில் நன்மை தேடுவது உங்கள் விருப்பம்.

கண்ணில் பட்டால் என்ன செய்வது என்ற கேள்வி ஒன்றுதான் முழுப் பதிலுக்குத் தகுதியானது. தொடாதீர்கள். ஓட்ஸியை அண்மையில் இறந்த மலையேறி என்று நினைத்துக் காற்றழுத்தத் துளைப்பானால் பனியை உடைத்தபோது அவருடைய இடுப்பே சிதைந்தது. படம் எடுங்கள், அளவு தெரிய ஏதாவதொன்றை அருகில் வைத்து எடுங்கள். இடத்தின் ஆயத்தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுத் தொல்லியல் துறைக்கு உடனே தெரிவியுங்கள். பனியின் ஓரத்தில் கருப்பாகச் சாணம் மட்டுமே கிடந்தாலும் தெரிவியுங்கள். கனடாவின் யூகானில் 1997-இல் கரிபூ மான்களே வராத ஒரு சரிவில் அவற்றின் சாணத்தைக் கண்டு நின்றவர்களால்தான், பல்லாயிரம் ஆண்டுகளின் வேட்டைக் கருவிகள், இறகும் நரம்புக்கட்டும் கலையாமல், அங்கே வெளிவரத் தொடங்கின.