பெட்டியை எடுத்தது துரோகமா?

கேள்வி: எனக்கு வயது 62. மருமகளும் நானும் பிக்பாஸ் தமிழ் மூன்றாவது சீசனை ஹாட்ஸ்டாரில் மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2019-ல் அதில் போட்டியிட்ட கவினுக்காகத் தவறாமல் மிஸ்டு கால் கொடுத்து ஓட்டுப் போட்டவள் நான். அவர் 5 லட்ச ரூபாய் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் அதே எபிசோடைப் பார்த்தபோதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓட்டுப் போட்டவங்களுக்குச் செஞ்ச துரோகம்" என்றேன். "அத்தை, அதுதான் சரியான ஸ்ட்ராட்டஜி. நீங்க பிக்பாஸையும் சீரியல் மாதிரியே பாக்குறீங்க" என்று சொல்லிவிட்டாள் மருமகள். நல்லவன் கடைசிவரை நிற்க வேண்டும் என்று நினைப்பது தப்பா? இரண்டு நாளாக ஆளுக்கொரு அறையில் தனித்தனியாகப் பார்க்கிறோம்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள அம்மா,

அப்படி நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. அந்த எபிசோடில் நானும் அழுதவள்தான். சாண்டியும் லாஸ்லியாவும் கலங்கி நின்றதைப் பார்த்துவிட்டு யார்தான் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்? ஆனால் துரோகம் என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்து விலகலாம் என்று அந்தப் பெட்டி வந்த நேரத்தில் வீட்டுக்குள் என்ன நிலைமை என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்போது உள்ளே இருந்தவர்கள் ஆறு பேர். முகேன் ஏற்கெனவே நேராக ஃபைனலுக்குப் போகும் டிக்கெட்டை ஜெயித்திருந்தார். மீதி ஐந்து பேர்: கவின், சாண்டி, தர்ஷன், லாஸ்லியா, ஷெரின். யாருக்கு எத்தனை ஓட்டு என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் கொடுத்த மிஸ்டு கால் எதுவும் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போகவில்லை. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் சின்னச் சின்னத் துப்புகள். சனி, ஞாயிறுகளில் கமல் திரையில் தோன்றிப் பேசும்போது யார் பெயருக்குக் கைதட்டல் அதிகம்? ஓட்டில் தப்பியவர் என்று யாரை முதலில் அறிவித்தார், யாரைக் கடைசிவரை உட்காரவைத்தார்? ஃப்ரீஸ் டாஸ்க்கில் அம்மாவோ அப்பாவோ கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். பிள்ளை அசையக்கூடாது, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழியும். 'ரிலீஸ்' என்று குரல் வந்த பிறகுதான் கட்டிக்கொள்ள முடியும். அந்தச் சில நிமிடங்களில் பெற்றவர்கள் முகத்தைப் படித்துத்தான் வெளியே தனக்கு என்ன பெயர் என்று ஊகிக்க வேண்டும். இவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்தது. இதை வைத்துக்கொண்டு கவின் எடுத்த முடிவு அது. தான் விலகினால் நண்பர்களுக்கு வழி கிடைக்கும் என்ற எண்ணமும் அன்று அவர் பேச்சில் இருந்தது.

அடுத்து நடந்ததைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அதே வார இறுதியில் தர்ஷன் வெளியேற்றப்பட்டார். கோப்பை அவருக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த பையன் ஃபைனல் மேடையையே தொடவில்லை. முகேன் ஜெயித்தார், சாண்டி இரண்டாமிடம். தர்ஷனுக்கே அந்த கதி என்றால், கவின் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று எதை வைத்துச் சொல்வது? முதலிடம் ஒருவருக்குத்தான். 50 லட்சமும் அந்த ஒருவருக்குத்தான். இரண்டாவதாக வந்தாலும் அந்தப் பரிசில் பங்கு கிடையாது.

நமக்கு உறுத்துவது அவர் போனது இல்லை அம்மா, பணத்தோடு போனது. இதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். 2017 ஆகஸ்டில், முதல் சீசனில், ஓவியா மனம் தாங்காமல் பாதியிலேயே வெளியேறினார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர்! என் அம்மா டி.வி.யை அணைத்துவிட்டு, "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று சாமி படத்தின் முன்னால் போய் நின்றார். அதே அம்மாதான் இரண்டு வருடம் கழித்து கவினைப் பார்த்து "காசுக்காகப் போயிட்டானே" என்றார். இரண்டு பேரும் ஆட்டம் முடியும் முன்னேதான் வந்தார்கள். வெறுங்கையோடு வந்தவருக்கு ஆசி, பெட்டியோடு வந்தவருக்கு ஏச்சு. ஜெயிப்பவர் வாங்குவதும் காசுதானே என்று அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நமக்குப் பிடித்தவர் நம் கண்முன்னே பணத்தை எண்ணிப் பார்ப்பது ஏனோ நமக்குக் கஷ்டமாக இருக்கிறது. நாம் மட்டும் மாதக் கடைசியில் எண்ணாமலா இருக்கிறோம்?

பிறகு 2020 சீசனில் கேப்ரியல்லா 5 லட்சத்தோடு கிளம்பினார். அடுத்ததில் சிபி 12 லட்சம். ஏழாவது சீசனில் பூர்ணிமா 16 லட்சம் வரை பொறுத்திருந்து எடுத்தார். அன்றைக்கு என் அம்மாவே "கெட்டிக்காரப் பொண்ணு" என்று சொன்னார்.

உங்கள் மருமகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். ஸ்ட்ராட்டஜி என்ற சொல்லை வைத்துக்கொண்டு உன் அத்தையின் மனசாட்சியை நீ ஒதுக்கிவிட முடியாது மகளே. ஆட்டத்துக்கு ஆட்டம் விதி வேறு. அமெரிக்காவின் 'பிக் பிரதர்' வீட்டில் போட்டியாளர்களே ஓட்டுப் போட்டு ஒருவரை ஒருவர் வெளியே அனுப்புகிறார்கள், அங்கே கூட்டணிதான் உயிர். நம் பிக்பாஸில் உள்ளே இருப்பவர்கள் நாமினேட் மட்டும் செய்கிறார்கள், காப்பாற்றுவது உன் அத்தை மாதிரி ஆட்கள். ஆகவே உன் அத்தைக்கு எது நியாயமாகப் படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் இங்கே முதல் ஸ்ட்ராட்டஜி. 2021-ல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்திய 'சர்வைவர்' பார்த்திருப்பாய், தான்சானியாவின் சான்சிபாரில் எடுத்தது. அங்கே கடைசியில் விஜயலட்சுமிக்கு ஒரு கோடியைத் தந்தது வெளியேற்றப்பட்ட சக போட்டியாளர்களின் ஓட்டு. ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, பிறகு அவரிடமே ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும். எப்படி அனுப்பினாய், முகத்தைப் பார்த்துப் பேசினாயா என்பதெல்லாம் அங்கே கணக்கில் வந்துவிடும். குணம் வேறு ஆட்டம் வேறு என்று பிரித்துவிட்டு ஜெயிக்கிற இடம் அது இல்லை.

அம்மா, 'சீரியல் மாதிரி பாக்குறீங்க' என்றதை நீங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சீரியல் பார்க்கிறவர்களுக்கு மனிதர்களைப் படிக்கத் தெரியும். 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனை நாம் ஒவ்வொரு இரவும் திட்டித் தீர்த்தோம். 2023 செப்டம்பரில் அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து இறந்தபோது வீட்டு மனிதர் போனது போல அழுதோம். வேடம் எது, ஆள் எது என்று நமக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பிக்பாஸில்தான் அது குழம்பிவிடுகிறது. சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு நிற்கிறார்கள், நாம் பார்ப்பதோ 24 மணி நேரத்தில் வெட்டி எடுத்த ஒன்றரை மணி நேரம். மீதியில் கவின் எத்தனை முறை அந்த முடிவை மாற்றி மாற்றி யோசித்தார் என்று நமக்குக் காட்டவில்லை. உங்கள் ஓட்டை நீங்கள் அன்பாகத்தான் கொடுத்தீர்கள். அது அவரை அந்த நாள் வரை உள்ளே வைத்திருந்தது, அந்தப் பெட்டி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அது வீணாகவில்லை.

இன்று இரவு மருமகளைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து எட்டாவது சீசனின் பணப்பெட்டி எபிசோடுகளைப் போடுங்கள். விஜய் சேதுபதி நடத்திய 2024 சீசன். அதில் பெட்டியை எடுப்பவர் கிளம்பிப் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு வெளியே ஓடி, குறித்த நேரத்துக்குள் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால் பணமும் உண்டு, ஆட்டமும் உண்டு. எடுத்த பணமெல்லாம் பரிசுத் தொகையில் கழிந்து, ஜெயித்த முத்துக்குமரனுக்கு 40.5 லட்சம்தான் கிடைத்தது. ஜாக்குலின் ஓடிப் போய்த் திரும்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது, அத்தனை வாரம் தாக்குப்பிடித்தவர் அந்த ஓட்டத்தோடு வெளியே போனார். அவர் ஓடக் கிளம்பும் இடத்தில் ரிமோட்டை அழுத்தி நிறுத்துங்கள். நீங்கள் அங்கே இருந்தால் ஓடுவீர்களா, மருமகள் ஓடுவாரா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். யார் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள் அம்மா. கடிதத்தின் அடியில் மருமகளையும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.