சோலை ஓரத்தில் சிவப்பு மணிக்கொத்து: இது என்ன கோரை?

கேள்வி: கொடைக்கானலில் பேரிஜம் போகும் வழியில், சோலைக்காட்டு ஓரமாக இடுப்பு உயரத்தில் புல் போன்ற தூறுகளைப் பார்த்தேன். தலையில் மிளகளவு சிவப்பு மணிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. இது புல்லா, பழச்செடியா? திண்டுக்கல்லில் வீட்டுத் தோட்டத்தில் வளருமா? (படம் இணைத்துள்ளேன்.)

பதில்: இரண்டும் இல்லை. படத்தில் இருப்பது கேரக்ஸ் பேக்கன்ஸ். கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, 1834-இல் பெயர் சூட்டப்பட்டது.

அடுத்த முறை போனால் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். புல்லின் தாள் சுலபமாக உருளும், இடையிடையே கணு தட்டுப்படும். இது உருளாது, மூன்று விளிம்புகள் விரலில் படும். ஆனால் உருண்டைத் தண்டுள்ள கோரைகளும் உண்டு என்பதால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். இலை அடியில் தண்டைச் சுற்றியிருக்கும் உறையையும் பாருங்கள். புல்லில் அது பெரும்பாலும் ஒரு பக்கம் பிளந்திருக்கும். கோரையில் குழாய் போல மூடியிருக்கும்.

உண்மையான அடையாளம் அந்தச் சிவப்பு மணிதான். அது பழமல்ல, உப்பிய பை. கேரக்ஸ் பேரினத்தில் ஏறக்குறைய 2,000 இனங்கள் இருக்கின்றன. பெண்பூவை மூடிய இந்தப் பை எல்லாவற்றுக்கும் பொது. மற்ற பெரும்பாலானவற்றில் அது பச்சையாகவோ பழுப்பாகவோ கண்ணில் படாமல் இருந்துவிடும். இதிலோ பளபளவென்று சிவந்து, முற்ற முற்றக் கருஞ்சிவப்பாகும். ஒன்றை நகத்தால் கீறினால் தோல் போன்ற சுவர், அதற்குள் மூன்று பட்டையுள்ள ஒரு பழுப்பு விதை, அவ்வளவுதான். தின்ன அதில் ஒன்றுமில்லை. மணியின் நுனியில் ஒரு சிறு மூக்கு இருக்கும். பூத்த காலத்தில், மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியின் மூன்று கிளைகளும் அதன் வழியாகத்தான் வெளியே நீட்டியிருக்கும். கதிர்களின் நுனியில் மணியில்லாமல் காய்ந்த செதில் மட்டும் தெரிந்தால் அது ஆண்பூக்கள் இருந்த இடம்.

அதே சோலைகளில் கேரக்ஸ் ஃபிலிசினாவும் வளர்கிறது. அதன் பைகள் மெலிந்து, நீண்ட மூக்கோடு பழுப்பாக இருக்கும், மணியாக உப்பாது. பீங்கான் போல வெளுத்த கடின மணி தெரிந்தால் அது ஸ்க்ளேரியா என்ற வேறு பேரினம்.

இடமும் பாதி விடை சொல்லிவிடும். பழனி மலையிலும் நீலகிரியிலும் இலங்கையின் மலைநாட்டிலும் இது உயரமான, ஈரமான பகுதிகளில் வளர்கிறது. நான் முதலில் தேடுவது சோலையின் விளிம்பு, ஓடைக்கரை, மரம் விழுந்து வெளிச்சம் இறங்கிய திறப்பு, பாதைக்காக மண் வெட்டிய சரிவு ஆகியவற்றைத்தான். அரைநிழல், இலைமக்கு நிறைந்த மண், காயாத ஈரம் மூன்றும் வேண்டும். அடர்ந்த இருட்டுக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

திண்டுக்கல் வெயிலுக்கு இது ஏற்ற செடியல்ல. நிழல்வலை கட்டினாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கொடைக்கானலிலேயே வீடு இருந்தால், அனுமதியோடு இயங்கும் நாற்றங்காலில் கேட்டுப் பாருங்கள். காட்டிலிருந்து தூறைப் பெயர்த்து வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். காப்புக்காட்டில் செடி எடுப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.

இனி படம் அனுப்பும்போது முழுத் தூறு ஒன்று, தண்டின் அடிப்பகுதி ஒன்று, மணிகள் நெருக்கத்தில் ஒன்று என மூன்று படங்களாவது இருக்கட்டும். மணிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்தால் அளவும் தெரியும்.