பெற்றோல் வரி எல்லாருக்கும் ஒண்டுதான், ஆனா எங்களுக்கும் ஒண்டோ?

கேள்வி: வணக்கம் அண்ணை, நாங்கள் யாழ்ப்பாணம் கோப்பாய். இவர் மேசனோடை கூலி வேலை, நாள் சம்பளம் 3,500, மாசம் 20 நாள் வேலை கிடைச்சாலே பெரிய விசயம். பழைய மோட்டச்சைக்கிளிலை நாளுக்கு 30 கிலோமீற்றர் ஓடவேணும். பெரிய ஜீப் வச்சிருக்கிற ஆளும் லீட்டருக்கு அதே வரி, நாங்களும் அதே வரி, இது நியாயமோ? மற்றது, பெற்றோல் செலவு தாங்கேலாமல் லீசிங்கிலை எலெக்ரிக் ஸ்கூட்டர் எடுப்பமோ எண்டு யோசிக்கிறம், மாசம் 14,500 தவணை சொல்லுறாங்கள்.

பதில்: தங்கச்சி, ஸ்கூட்டர் விசயத்தை முதல் முடிச்சுப்போட்டு வாறன். வேண்டாம். மாசம் 600 கிலோமீற்றர், பழைய சைக்கிள் லீட்டருக்கு 40 ஓடுது எண்டு வைச்சால் 15 லீட்டர், கணக்குக்கு லேசா லீட்டர் 300 எண்டு பிடிச்சால் 4,500 ரூபா. 4,500ஐ மிச்சம் பிடிக்க 14,500 கட்டுறதோ? மாரியிலை வேலை இல்லாட்டி பெற்றோல் அடிக்காமல் வீட்டிலை இருக்கலாம், லீசிங்காரன் மழை எண்டு பாத்து விடமாட்டான்.

இனி வரி. 2024 தை முதலாம் திகதி வற், அதுதான் சாமான் வாங்கேக்கை விலையோடை சேத்து எடுக்கிற வரி, 18 வீதமாச்சு, அதோடை அதுவரை விலக்கு இருந்த பெற்றோலுக்கும் டீசலுக்கும் சேத்துப் போட்டாங்கள். 300 ரூபாயிலை 46 ரூபா மட்டிலை வற், சுங்கத்திலை எடுக்கிறது வேறை. உங்கட 15 லீட்டருக்கு வற் மட்டும் 690 ரூபா கிட்ட. உங்கட வருமானம் 70,000, அப்ப ஒரு வீதம். ஜீப்காரர் மாசம் 100 லீட்டர் அடிச்சு, 4 லட்சம் உழைக்கிறார் எண்டு வையுங்கோ, அவர் கட்டுறது 4,600 அளவிலை, அதுவும் கிட்டத்தட்ட ஒரு வீதம்தான். நானே ரெண்டுதரம் போட்டுப் பாத்தனான், கல்குலேட்டர் பொய் சொல்லேல்லை.

ஆனா அந்த ஒரு வீதம் ரெண்டு வீட்டிலையும் ஒரே மாதிரி நோகாது. 690 ரூபா உங்களுக்கு மூண்டு கிலோ அரிசி, அவருக்கு ஒருநாள் பின்னேரத் தேத்தண்ணிச் செலவு. அவர் நினைச்சால் ஒரு பயணத்தைக் குறைப்பார், இவர் குறைச்சால் அண்டைக்குச் சம்பளம் இல்லை. அதோடை மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி வாற லொறி, பிள்ளையின்ர பஸ், எல்லாத்திலையும் எண்ணெய்க் காசு ஒளிஞ்சிருக்கு, அதை உந்த ஒரு வீதத்திலை நான் சேக்கேல்லை. வருமான வரியெண்டால் 2025 சித்திரையிலை இருந்து மாசம் ஒண்டரை லட்சம் வரைக்கும் இல்லை. பெற்றோலுக்கு அப்பிடி ஒரு எல்லை கிடையாது, முதல் துளியிலை இருந்தே கட்டவேணும். எனக்கு இதிலைதான் கோவம்.

அதுக்காக எல்லாருக்கும் விலையைக் குறை எண்டும் நான் கேக்கமாட்டன், குறைச்சால் 15 லீட்டர்காரருக்கு ஒரு பங்கு, 100 லீட்டர்காரருக்கு ஏழு பங்கு போகும். வரியை அறவிட்டால், அந்தக் காசு ஏழை வீட்டுக்கு நேரை திரும்பி வரவேணும். 2022 ஆவணியிலை மண்ணெண்ணெய் 87 ரூபாயிலை இருந்து ஒரேயடியா 340க்குப் போனது, அது வரியில்லை, மானியத்தை எடுத்தது, ஆனா மண்ணெண்ணெயிலை வள்ளம் ஓட்டிக் கடலுக்குப் போற சனத்துக்கு ரெண்டும் ஒண்டுதான். (சண்டைக் காலத்திலை எரிபொருள் வராமல் தடை போட்ட நேரம் ஊசியாலை ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்டாட் பண்ணி மண்ணெண்ணெயிலை சைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள், எங்களுக்கு உந்த விலையெல்லாம் மனப்பாடம்.)

இப்ப நீங்கள் செய்யக்கூடியது. அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் குடுக்கிற அஸ்வெசும உதவிக் காசு கிடைக்காட்டி கிராம அலுவலரிட்டைப் போய் எப்ப திரும்ப விண்ணப்பம் எடுப்பினம் எண்டு கேட்டு வையுங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்லை. ஒரு கொப்பியிலை ஒரு மாசம் எங்கை வேலை, எத்தினை கிலோமீற்றர், எவ்வளவு அடிச்சது எண்டு எழுதுங்கோ. பிறகு இவரை மேசனோடை கதைக்கச் சொல்லுங்கோ, கிட்டடி வேலைக்கு 3,500, தூர வேலையெண்டால் பெற்றோல் காசு 200 வேறை எண்டு. சும்மா கேட்டால் "பாப்பம்" எண்டுவினம், கொப்பியைக் காட்டினால் கதை வேறை. அதே பக்கம் வேலைக்குப் போற இன்னொராள் இருந்தால் பின்னாலை ஏத்தி, காசைப் பாதி பிரியுங்கோ, அவருக்கும் ஹெல்மெட் வேணும், இல்லாட்டி மிச்சம் பிடிச்சது பொலிஸுக்குப் போயிடும்.