64 பைட்டுக்குள் மூன்று டச் பட்டன்

கேள்வி: சமையலறை எல்.இ.டி. விளக்குக்கு ஏடிடைனி13ஏ என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் சிப்பில் மூன்று டச் பட்டன் வைக்கிறேன். டச் லைப்ரரியை (பிறர் எழுதிய ஆயத்தப் புரோகிராமை) சேர்த்தால் மெமரி போதவில்லை என்கிறது. நானே எழுதிய புரோகிராம் ஓடுகிறது. ஆனால் மழை நாளில் விளக்கு தானாக எரிகிறது, அணைகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: லைப்ரரி வேண்டவே வேண்டாம். இந்தச் சிப்பில் புரோகிராமுக்கு 1 கிலோபைட், ரேம் 64 பைட். ஸ்டேக்கும் (புரோகிராம் தற்காலிகமாகக் குறித்து வைக்கும் இடம்) அந்த 64-க்குள்தான். ஒரு பட்டனுக்கு ஒரு பின்னும், அதிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டரும் போதும். பின்னை அவுட்புட்டாக்கி ஜீரோவில் வைத்தால் பேட் (விரல் படும் உலோகத் தகடு) டிஸ்சார்ஜ் ஆகும். பிறகு இன்புட்டாக மாற்றி, 'ஒன்று' வரும்வரை லூப்பில் எண்ணுங்கள். விரல் பட்டால் சில பிகோஃபாரட் கூடும், சார்ஜ் ஏறத் தாமதமாகும், எண்ணிக்கை உயரும். போர்ட் பிட்டை ஜீரோவிலேயே விட்டு, பின் இன்புட்டா அவுட்புட்டா என்று சொல்லும் டிடிஆர் பிட்டை மட்டும் மாற்றுங்கள். போர்ட் பிட் ஒன்றானால், சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் ஆன் ஆகிவிடும்; அப்படியானால் பேட் உடனே சார்ஜ் ஆகி, எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பலர் கோட்டை விடுவது கிளாக்கில். புதுச் சிப் 1.2 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். 20 பிகோஃபாரட் பேட் சார்ஜ் ஆகச் சுமார் 14 மைக்ரோசெகண்ட். ஒரு சுற்றுக்கு ஐந்து கிளாக் சைக்கிள் எடுக்கும் லூப் அதற்குள் மூன்று முறைதான் சுற்றும். மூன்றில் விரலை எங்கே கண்டுபிடிப்பது? கிளாக்கை எட்டால் வகுக்கும் சிகேடிவ்8 ஃபியூஸை (சிப்பின் ஓர் அமைப்பு பிட்) நீக்கிவிட்டு 9.6 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் 25-ஐத் தாண்டும். இன்டரப்ட்டை (நடுவே குறுக்கிடும் வேலைகளை) நிறுத்திவிட்டு 16 முறை அளந்து கூட்டுங்கள், 400-க்கு மேல் வரும். அந்த 16 அளவுகளையும் அர்ரேயில் (வரிசைப் பட்டியலில்) சேர்த்து வைக்காதீர்கள். ஓர் அளவுக்கு 2 பைட் என்றால் மூன்று பட்டனுக்கு அதுவே 96 பைட். ஃப்ளோட்டும் (தசம எண் கணக்கும்) கூடாது.

மழைக்கு வருவோம். நீங்கள் நிலையான ஓர் எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஐப்பசி ஈரத்தில் தொடாத பேடின் அளவே ஏறிவிடும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் அடிப்படை அளவு வைத்து, 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, புதிய அளவு கூடுதலாக இருந்தால் ஒன்று கூட்டுங்கள், குறைவாக இருந்தால் ஒன்று கழியுங்கள். ஷிப்ட் செய்து (பிட்களை நகர்த்தி வகுத்து) சராசரி எடுத்தால் சின்ன வித்தியாசங்கள் முழு எண்ணில் காணாமல் போகும். தொட்டிருக்கும்போது அடிப்படையை மாற்றக் கூடாது. 10 செகண்டுக்கு மேல் தொட்டபடியே இருந்தால் அது விரல் அல்ல, தண்ணீர்த் துளி. அப்போதைய அளவையே புது அடிப்படையாக்குங்கள். தொட்டால் 60 கூடுகிறதென்றால் 30-இல் ஆன், 15-இல் ஆஃப். ஒரு பட்டனின் அடிப்படைக்கு 2 பைட், நேரம் எண்ண 1 பைட், மூன்றுக்கும் ஆக மொத்தம் 9 பைட்.

போர்டையும் பாருங்கள். பேடைச் சுற்றி ஃப்ளக்ஸ் (சால்டர் பசை) பிசுபிசுப்பு இருந்தால் ஈரத்தில் அது மின்சாரத்தைக் கசியவிடும். 1 மெகாஓம் வழியாக வருவது அத்தனையும் அங்கேயே இறங்கி, பின் 'ஒன்று' ஆகாமல் லூப் மாட்டிக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் காயவிடுங்கள். லூப்புக்கு 255 என்று உச்சவரம்பும் வையுங்கள். பேடை மூடும் அக்ரிலிக் தகடு 2 மில்லிமீட்டர் தடிமன், பேட் 12 மில்லிமீட்டர் அகலம், இடையில் காற்று இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் டிடிபி223 டச் பட்டன் மாட்யூல் போதாதா?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஒரே பட்டன் என்றால் தாராளமாகப் போதும். 'பி' ஜம்பரை சால்டர் செய்தால் ஒரு தொடுதலுக்கு ஆன், மறு தொடுதலுக்கு ஆஃப். பவர் கொடுக்கும் நேரத்தில் விரலை மட்டும் அதன்மேல் வைக்காதீர்கள். அதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளும்.