தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வருமா? விமானப் பயணக் கேள்வி பதில்

கேள்வி: லண்டன்–நியூயார்க் சுமார் 5,550 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகிறது. ஆறு மணி நேரம் சொச்சம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் எட்டு மணி நேரம் என்று இருக்கிறதே!

பதில்: வகுத்தது சரி, காற்றை விட்டுவிட்டீர்கள். 900 என்பது விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கிழித்துப் போகும் வேகம். அந்தக் காற்றும் சும்மா நிற்பதில்லை. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் ஆறு மாதிரி ஓடுகிறது. அது 150 கி.மீ. வேகத்தில் முகத்தில் அடித்தால், தரைக்கணக்கில் உங்கள் வேகம் 750தான். அதற்கே ஏழரை மணி நேரம் ஆச்சு. டிக்கெட்டில் போடுவதோ, பயணிகளை ஏற்றும் வாசலைவிட்டு (கேட்) விமானம் நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் சேர்த்தி.

திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில், நியூயார்க்கில் கிளம்பிய ஒரு சாதாரணப் பயணிகள் விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கியது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கேள்வி: பூமி சுழல்வதால் எதிர்த்திசையில் போனால் சீக்கிரம் போகலாம் அல்லவா?

பதில்: இல்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது.

கேள்வி: டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு நேராகப் போகாமல் வடக்கே வளைந்து போகிறார்கள். எரிபொருள் வீண்தானே?

பதில்: வளைவு தட்டையான வரைபடத்தில்தான். ஓர் உலக உருண்டையில் இரண்டு ஊரையும் தொட்டு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் 35 டிகிரி அட்சரேகையை ஒட்டிய ஊர்கள், ஆனால் நூல் நடுவில் 48 டிகிரிவரை ஏறும். அதுதான் குறுக்குவழி. காற்றைப் பார்த்து அதிலிருந்தும் கொஞ்சம் விலகுவார்கள்.

கேள்வி: அதே லண்டன்–நியூயார்க் பாதைக்கு ஒருவர் 3,450 என்கிறார், இன்னொருவர் 3,000 என்கிறார்.

பதில்: முதலாவது மைல், இரண்டாவது கடல் மைல் (1.852 கி.மீ.). இரண்டுமே அதே 5,550 கி.மீ.தான்.

கேள்வி: ஹெல்சின்கி–டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி நேரம். இப்போது பதின்மூன்றா?

பதில்: 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதால் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் மாறவில்லை, பறக்கும் தூரம் கூடிவிட்டது.

கேள்வி: அம்மா முதல்முறையாகத் தனியாகப் பறக்கிறார். டோக்கியோவில் மாலை 6 மணிக்கு ஏறி, லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது. பிழையோ என்று பயப்படுகிறார்.

பதில்: பிழை இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ 17 மணி நேரம் முன்னால் இருக்கும். பயணமோ பத்து மணி நேரம். டோக்கியோ கணக்கில் மறுநாள் அதிகாலை 4 மணி, அதில் 17ஐக் கழியுங்கள். மருந்து சாப்பிடுபவர் என்றால் பத்து மணி நேரம் என்பதை வைத்தே வேளை குறித்துக் கொடுங்கள், கடிகாரத்தை நம்பினால் குழம்பிவிடுவார்.