ஷாட்டுன்னா சுடுறது மட்டும்தானா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. இங்கிலீஷ் பரீட்சைல ‘எ ஷாட் இன் த டார்க்’னா என்னன்னு கேட்டிருந்தாங்க, ‘இருட்டுல சுட்டாங்க’ன்னு எழுதி மார்க் போயிடுச்சு. டிக்ஷனரிய பாத்தா ஷாட்டுங்கிற ஒரு சொல்லுக்கு அவ்ளோ அர்த்தம். இத எப்படித்தான் சொல்லிக் குடுக்கிறது?
– ஒரு அம்மா, மஞ்சக்குப்பம்

பதில்: பாப்பாவ திட்டாதீங்கம்மா. நம்ம ‘சுடு’ங்கிற சொல்ல எடுத்துக்குங்க, அம்மா தோசை சுட்டாங்க, போலீஸ் சுட்டாங்க, வெயில் சுடுது, என் பேனாவ எவனோ சுட்டுட்டான், இதெல்லாம் வெளியூர்க்காரன் ஒருத்தன் படிச்சா என்ன பாடு படுவான். நாவல் மரத்தடியில சுட்ட பழமா சுடாத பழமான்னு கேட்டப்ப ஔவை பாட்டியே திகைச்சு நின்னதாத்தான கதை.

ஷாட்டு துப்பாக்கி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்த சொல், அப்ப வில்லுலேர்ந்து அம்பு விடுறதுக்கு சொன்னது. ஒண்ணு கைய விட்டு விசையா கெளம்பிப் போகுது, அதுதான் அடிப்படை. இத மட்டும் பாப்பா மனசுல வெச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும். பேட்டுலேர்ந்து பந்து பறந்தா ஷாட், அமெரிக்காவுல தடுப்பூசி போட்டாலும் ஷாட், செடி சரசரன்னு துளிர் விடுறதுக்கும் இதே வேர்ல வந்த ‘ஷூட்’டுதான். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல ஷாட்புட் போடுறாங்களே, அங்க ஷாட்டுன்னா அந்த இரும்புக் குண்டேதான் (பெரிய போட்டிகள்ல ஆம்பளைங்களுக்கு 7.26 கிலோ, பொம்பளைங்களுக்கு 4 கிலோ).

இப்ப அந்த பரீட்சை கேள்விக்கு வருவோம். இருட்டுல அம்பு விட்டா பட்டாலும் படும் படாமலும் போகும், அதனால விடை தெரியாம குத்துமதிப்பா ஒண்ணு சொன்னா அது ‘ஷாட் இன் த டார்க்’. குறி ரொம்ப தூரத்துல இருந்தா நடக்குறது கஷ்டம், அது ‘லாங் ஷாட்’, ஆனா சினிமாக்காரங்க கிட்ட அதே லாங் ஷாட்டுன்னா கேமராவ தள்ளி வெச்சு எடுக்கிறதுன்னு அர்த்தம், அதனால யார் பேசுறாங்கன்னு பாத்துதான் புரிஞ்சுக்கணும். ‘கிவ் இட் எ ஷாட்’னா ஒரு கை பாத்துடு. ‘பிக் ஷாட்’டுக்கு நம்ம கிட்ட பெரும்புள்ளின்னு அருமையான சொல் இருக்கு. ‘ஹீ கால்ஸ் த ஷாட்ஸ்’னா அவர் வெச்சதுதான் சட்டம். சண்டை போட்டுட்டு வாசப்படி தாண்டுறப்ப நறுக்குன்னு ஒரு வார்த்தை விட்டுட்டுப் போவாங்களே, அது ‘பார்ட்டிங் ஷாட்’.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது ‘அப்ஷாட்’. வில்வித்தைப் போட்டியில கடைசியா விடுற அம்புக்குத்தான் முதல்ல அந்தப் பேரு, அதோட போட்டி முடிஞ்சுடும், அதுலேர்ந்துதான் ஒரு விஷயத்தோட முடிவுக்கே அந்தப் பேரு வந்துச்சு. இத கதையா சொல்லிக் குடுங்க, பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ண வெக்காதீங்க, பாவம் புள்ளைங்க.

கேள்வி: பட்டுப்புடவை எடுக்கப் போனா ‘ஷாட் கலர்’னு சொல்றாங்களே, அதுவும் இதே ஷாட்டா?
– வாசகி, திருப்பாப்புலியூர்

பதில்: அதேதான்! எங்கம்மாவோட மயில்கழுத்து கலர் புடவை ஒண்ணு இன்னும் என் பீரோவுல இருக்கு, ஜன்னல் பக்கம் வெச்சு மடிப்ப இப்படி திருப்பினா நீலம், அப்படி திருப்பினா பச்சை. பாவு (நீளவாக்குல ஓடுற நூல்) ஒரு கலர், ஊடை (குறுக்கால ஓடுற நூல்) வேற கலர், அதான் விஷயம். தறியில நாடா (ஊடை நூல இழுத்துக்கிட்டுப் போற கட்டை) இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் அம்பு மாதிரி பாயுது பாருங்க, அப்படி ஒரு தடவை ஊடை நூல் போறதுக்கு இங்கிலீஷ்ல ஷாட்டுன்னு பேரு. நாடாவ அவங்க ஷட்டில்னு சொல்றாங்க, அதுவும் பழைய இங்கிலீஷ்ல ஈட்டி, அம்புன்னு அர்த்தம் இருந்த, இதே வேர்ல பொறந்த சொல்.

கேள்வி: சார், எங்க ஊரு செயின்ட் டேவிட் கோட்டைய வெள்ளைக்காரன் வாங்கினப்ப ‘ராண்டம் ஷாட்’ தூரத்துக்கு நிலம்னு எழுதி வாங்கினானாம். ராண்டம்னா ஏனோதானோன்னு தானே? அப்படியா சுட்டாங்க?
– காலேஜ் மாணவர், தேவனாம்பட்டினம்

பதில்: தம்பி, நல்ல இடத்துல கைய வெச்சிருக்க. 1690ல செஞ்சியில இருந்த மராத்தியர்கள் கிட்டேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டைய வாங்கிச்சு, அப்ப மெட்ராஸ்ல கவர்னரா இருந்தவர் எலிஹு யேல், அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டிக்கு பேரு குடுத்த அதே ஆளு. கோட்டை மட்டும் இல்ல, சுத்தி பீரங்கிக் குண்டு எட்டுற வரைக்கும் இருக்கிற ஊருங்களும் சேத்துன்னு பேச்சு. அப்புறம் பெரிய பீரங்கி ஒண்ண வெச்சு நாலாபக்கமும் சுட்டாங்க, எட்டின இடமெல்லாம் அவங்களுதாயிடுச்சு, கடலூர் டவுனும் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. ஒருத்தர கேக்கல, ஒரு ஏர் ஓட்டி அளக்கல, குண்டு போற தூரம்தான் எல்லைன்னா அங்க நாத்து நட்டுக்கிட்டு இருந்தவங்கள நெனச்சுப் பாரு, எனக்கு இத படிக்கிறப்பல்லாம் மனசு கனத்துடும்.

ஆனா ஏனோதானோன்னு சுடல. அந்தக் காலத்து பீரங்கிக்காரங்க பாஷையில ராண்டம்னா பீரங்கி வாய நல்லா மேல தூக்கி வெச்சு, குண்டு எவ்ளோ தூரம் போக முடியுமோ அவ்ளோ தூரம் விடுறது. வாய மட்டமா வெச்சு கிட்டக்க இருக்கிறத நேரா அடிச்சா அது ‘பாயிண்ட் பிளாங்க்’. நிலம் நெறைய வேணும்னு நெனக்கிறவன் எத கேப்பான்னு நீயே பாத்துக்க. ராண்டத்துக்கு ஒழுங்கில்லாததுன்னு இப்ப நாம சொல்ற அர்த்தத்த அங்க கொண்டுபோய் வெச்சா கணக்கே தப்பாயிடும்.

அந்த ஊருங்களுக்கு ‘குண்டு கிராமம்’னு பேரு வந்ததும் இதனாலதான். நீ புராஜெக்ட் எழுதுறதா இருந்தா ‘குறியில்லாம சுட்டது’ன்னு தமிழ்ப்படுத்தாத, ‘பீரங்கிக் குண்டு எட்டுற தூரம்’னு எழுது.