பியூனிக் போர்களுக்கும் கிறிஸ்தவத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரோமும், இன்றைய துனீசியாவில் இருந்த கார்த்தேஜும் கிமு 264 முதல் 146 வரை மூன்று தடவை மோதிக்கொண்டதைத்தான் பியூனிக் போர்கள் என்கிறோம். கிறிஸ்து பிறக்கும் முன்பே முடிந்த சண்டை, சரி, அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு? கிபி 410இல் விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமைச் சூறையாடியபோது, பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் இந்தக் கதி என்று பழி கிறிஸ்தவர்கள் மேல் விழுந்தது. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் (பிஷப்) புனித அகுஸ்தினார் பதிலுக்குப் பழைய கணக்கைக் கிளறினார்: கிமு 216இல் இத்தாலியின் கன்னேயில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமப் படையை நொறுக்கி, செத்தவர்களின் தங்க மோதிரங்களை தானியம் அளப்பதுபோல் அளந்து கார்த்தேஜுக்கு அனுப்பினானே, அப்போது அந்தத் தெய்வங்கள் எங்கே போயிருந்தன?

இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கார்த்தேஜ் ஒழிந்து பயம் விட்டுப்போனதும் ரோமுக்குள் பேராசையும் உள்நாட்டுச் சண்டையும் புகுந்தன. எதிரே போட்டிக் கடை இருக்கும்வரை தராசு நேராக நிற்கும், அதை மூடிவிட்டால் எடை குறையும் இல்லையா, அதுபோல.

கார்த்தேஜ் மண்ணில் ரோமர்கள் உப்பைத் தூவிப் பாழாக்கினார்கள் என்று பலர் நம்புகிறார்கள். பழைய நூல் எதிலும் அது கிடையாது, ரோமர்களே பிறகு அங்கே நகரம் கட்டினார்கள், கிபி 258இல் தலை வெட்டப்பட்ட புனித சிப்ரியான் அந்த ஊர் ஆயர்தான்.